உயிர்ப் பூஞ்சைக்கொல்லி

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. பழியை முதலிலேயே ஒருவர் தலையில் போட்டுவிடுகிறேன். தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் ஒருநாள் போன் செய்து, "காய்கறிப் பயிர்ல இலைப்புள்ளி நோய் வருதில்ல, அதை நன்மை செய்யற பூஞ்சையை வச்சு எப்படிக் கட்டுப்படுத்தறதுன்னு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "கதை கிதை எல்லாம் வேண்டாம்" என்று சேர்த்துக்கொண்டார். என்னைப் பற்றி நன்றாகவே விசாரித்து வைத்திருக்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே பூஞ்சை, மழைக்காலத்தில் என் தோல்செருப்பின் மேல் படர்வது. அது யாருக்கும் நன்மை செய்து நான் பார்த்ததில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று அக்காவைக் கூப்பிட்டேன். அக்காவும் மாமாவும் ஊருக்கு வெளியே வலைக்கூடாரம் போட்டுக் குடைமிளகாய் வளர்க்கிறார்கள்.

"அக்கா, உங்க செடியில இலைப்புள்ளி ஏதாவது இருக்கா?"

"வாயைக் கழுவுடி. காலங்காத்தால கேக்கற கேள்வியா இது?" என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருக்கு" என்றாள். "வந்து பாரு. வரும்போது பழைய வெள்ளைத் துணி இருந்தா எடுத்துட்டு வா, வடிகட்டறதுக்கு வேணும்."

அந்த "இருக்கு"வை அவள் சொன்ன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் கட்டுரைக்காகப் போகவில்லை, அதைக் கேட்டுவிட்டுத்தான் போனேன்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதினேன், மூன்றையும் இங்கேயே போட்டுவைக்கிறேன், தூக்கிப்போட மனசு வரவில்லை.

முதல் தொடக்கம்: "இலையின் மேல் ஒரு கண் திறந்தது."

[அக்கா படித்துவிட்டு "பேய்க்கதையா?" என்றாள். அடித்துவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "இலைப்புள்ளி என்பது பூஞ்சையால் வரும் நோய். இந்நோயின் அறிகுறிகளாவன

["ஆவன" என்று எழுதிய உடனே எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. வாக்கியம் அங்கேயே நிற்கட்டும். ஆசிரியருக்குப் பிடித்திருந்தால் அவரே முடித்துக்கொள்ளலாம்.]

மூன்றாம் தொடக்கம்: "மாமாவுக்கு மூச்சு முட்டியபோது அக்கா ஏணி மேல் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்."

[இது நிஜமாகவே நடந்தது. ஆனால் இங்கே தொடங்கினால் நீங்கள் மாமாவைப் பார்த்து "ஐயோ பாவம்" என்பீர்கள். அவருக்கு அது அறவே பிடிக்காது.]

ஆகவே தொடக்கம் இல்லாமலே உள்ளே போவோம். செருப்பை வெளியே விட்டுவிடுங்கள். வெளி மண் கூடாரத்துக்குள் வரக்கூடாது என்பது அக்காவின் சட்டம், எழுத்தாளர்களுக்கும் வாசகர்களுக்கும் சேர்த்துத்தான்.

3

கூடாரத்துக்கு இரண்டு திரை. முதல் திரையை இழுத்து மூடிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கவேண்டும். உள்ளே வெளிச்சம் வடிகட்டியதுபோல இருக்கும். ஈர மண் வாசனை, வெந்நீர் வைத்த அறையின் வெக்கை. செடிகள் வரிசையாக, மேலிருந்து தொங்கும் கயிறுகளைச் சுற்றிக்கொண்டு, என் தோள் உயரத்துக்கு நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

அக்கா ஒரு கீழ் இலையைத் திருப்பிக் காட்டினாள். வட்டப் புள்ளிகள். நடுவில் சாம்பல் வெள்ளை, சுற்றிலும் பழுப்பு வளையம். தவளையின் கண்ணேதான். (என் முதல் தொடக்கம் அவ்வளவு மோசமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.)

"இது தூசியா இருக்கலாமே?" என்று மேலே இருந்த இன்னொரு சின்னப் புள்ளியைக் காட்டிக் கேட்டேன்.

அக்கா கட்டைவிரலை நாக்கில் தொட்டு அதன் மேல் தேய்த்தாள். போகவில்லை.

"எச்சில் தொட்டுத் துடைச்சா தூசி போயிடும். புள்ளி போகாது. இதுக்கு லேப் எல்லாம் வேணாம்" என்றாள். அவளுடைய கட்டைவிரல் எப்போதும் ஒரு மாதிரிப் பச்சையாக இருப்பதன் காரணம் அன்றுதான் தெரிந்தது.

இலையெல்லாம் கண்ணாகிவிட்டால் இலை உதிரும். இலை உதிர்ந்தால் காய் வெயிலில் வெந்துபோகும். இவ்வளவு காலமும் இதற்கு நீல மருந்துதான். அதன் நிஜப் பெயர் டப்பாவைச் சுற்றி ஓடும் அளவு நீளம், நீலமாக இருப்பதால் நீல மருந்து. டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு அதை அடித்தது எப்போதும் மாமாதான். கூடாரத்துக்குள் காற்று வெளியே போகாது, அடித்ததெல்லாம் நெஞ்சுக்குள்தான் போகும். ஏணிச் சம்பவத்துக்குப் பிறகு டாக்டர் ஒரே வார்த்தையில், "இனிமே இந்த மருந்தை மோந்துகூடப் பார்க்கக்கூடாது" என்றுவிட்டார்.

இதைக் கேட்டதும் நகரத்திலிருந்து அவர்கள் மகன் கிளம்பி வந்தான். நல்ல பையன், அதுதான் பிரச்சனை. "இந்த ஒரு பயிர் பாருங்க. மருந்தில்லாம வந்துச்சுன்னா இருங்க. இல்லன்னா கூடாரத்தை யாருக்காவது குடுத்துட்டு என்கூட வந்துடுங்க" என்றான். ஒன்பதாவது மாடியில் அவர்களுக்காக ஓர் அறையும் காலி செய்து வைத்திருக்கிறான்.

"அங்க போய் நான் என்ன பண்ணுவேன்? லிப்ட்ல ஏறி ஏறி இறங்கிட்டு இருக்கவா?" என்று மாமா என்னிடம் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை.

ஆக, இந்தக் கதையில் என்ன பணயம் என்று கேட்பவர்களுக்கு: இந்தக் கூடாரம். இதற்குள் எழுந்து, இதற்குள் சண்டை போட்டு, இதற்குள்ளேயே சமாதானமாகும் இரண்டு பேர்.

4

ஒரு சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். அவசரப்படுபவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பிறகு புரியவில்லை என்று என்னிடம் வரக்கூடாது.

தமிழில் பூஞ்சை என்றால் ரொட்டியிலும் செருப்பிலும் இலையிலும் படர்வது. பூஞ்சை என்றால் நோஞ்சானும்கூட. "அவனுக்குப் பூஞ்சை உடம்பு, காத்தடிச்சா விழுந்துருவான்" என்கிறோமே, அது. ஒரே சொல், இரண்டு பொருள். எந்தப் பொருள் முதலில் வந்தது என்று தேடிப் பார்த்தேன், ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

மாமாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் பூஞ்சை. கல்யாணத்துக்கு வந்த நண்பர்கள் மேடைக்குக் கீழே நின்று "டேய் பூஞ்சை!" என்று கத்தியதை நானே கேட்டேன். அக்காவும் கல்யாணமான புதிதில் செல்லமாக அப்படிக் கூப்பிட்டிருக்கிறாள். பிறகு எப்போதோ விட்டுவிட்டாள். மாமா எல்லாவற்றுக்கும் சிரிப்பார். பிறகு யாரும் சொல்லாமலே போய் மூட்டை தூக்குவார், டேங்கை மாட்டிக்கொள்வார், கிணற்று மோட்டாரை ஒற்றை ஆளாகக் கழற்றுவார். அவர் மூட்டை தூக்கியதை மட்டும் நான் பார்த்தேன், ஏன் தூக்கினார் என்று யோசித்ததில்லை.

5

நான் வெள்ளைத் துணியோடு போன அன்று, அக்கா குளிர்பெட்டியைத் திறந்து, முட்டைகளுக்கும் பாலுக்கும் பின்னாலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தாள். அரைப்பச்சை நிறத்தில் பவுடர். டிரைக்கோடெர்மா என்று பெயர். இலைப்புள்ளியை உண்டாக்கும் பூஞ்சையை அமுக்கும் இன்னொரு பூஞ்சை, லேபில் வளர்த்துப் பவுடரில் தூங்கவைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் அக்கா என்னிடம் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டிருந்தபோது மாமா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறைக்குள் வந்தார். அவள் பாக்கெட்டை மேஜையில் வைத்துவிட்டு, பெருமூச்சோடு ஒரு வாக்கியம் சொன்னாள்.

"இனிமே பூஞ்சைதான் நம்மளைக் காப்பாத்தணும்."

மாமாவின் முகம் சுண்டிப்போனது. நான் பார்த்தேன். அக்கா குளிர்பெட்டியின் கதவை முட்டியால் தள்ளிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை.

மாமா பாக்கெட்டை எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார். "உயிர்ப்... பூஞ்சைக்கொல்லி." கொஞ்சம் யோசித்தார். "ஓ, உயிரோட இருக்கற பூஞ்சையைக் கொல்றது. சரிதான்."

"ம்" என்றாள் அக்கா.*

அன்று சாயங்காலம் வெயில் இறங்கியதும் அக்கா அடித்தாள், நான் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன், மாமாவுக்குத் திரையைப் பிடித்துக்கொள்ளும் வேலை. ஒப்புக்குச் சப்பாணி மாதிரி அங்கேயே நின்றார்.

* இந்த "ம்" கதையில் மிக முக்கியமான எழுத்து. நான் இதை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். உயிருள்ள பூஞ்சையைக் கொல்வது என்று அவர் படித்தார். உயிருள்ள ஒரு பூஞ்சையே கொல்லியாக இருப்பது என்று படித்திருக்கவேண்டும். இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான். சொல்லைப் பிரித்துப் பார்க்கிற வேலையில் இருக்கிற நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

6

அடுத்த முறை அடிக்கவேண்டிய நாளில் அக்கா பல் பிடுங்கப் போயிருந்தாள். ஒரு கன்னம் வீங்கி, வாயில் பஞ்சோடு திரும்பி வந்தபோது மாமா வாசலிலேயே நின்று, "முடிச்சாச்சு. நானே அடிச்சுட்டேன். நீ போய்ப் படு" என்றார். பேச முடியாததால் அக்கா திட்டவில்லை. அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, வாய் திறக்க முடிந்திருந்தாலும் திட்டியிருக்க மாட்டேன் என்று பிறகு சொன்னாள்.

[இங்கே ஒரு வரி இருந்தது. அக்கா அடிக்கச் சொல்லிவிட்டாள். அதில் மாமா இருமினார்.]

அதன் பிறகு புள்ளிகள் நடு இலைகளுக்கு ஏறின. கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. இரண்டு முறை அடித்தும் ஏன் இப்படி என்று அக்காவுக்குப் புரியவில்லை. டேங்கைக் கழுவலாம் என்று கவிழ்த்தபோதுதான் அடியில் நீலம் இருந்தது. மாமாவின் துண்டு ஓரத்திலும் நீலம்.

இரண்டையும் கலந்து அடித்திருக்கிறார். ஒன்று உயிருள்ளதைக் கொல்லும், இன்னொன்று மிச்சமிருப்பதைக் கொல்லும் என்று கணக்குப் போட்டிருக்கிறார் போல. தூங்கி எழ வேண்டிய பூஞ்சையை, எழுவதற்கு முன்பே, அதே டேங்கில் கொன்றிருக்கிறார். போதாததற்கு, மோந்துகூடப் பார்க்கக்கூடாததை முதுகில் சுமந்திருக்கிறார்.

சமையலறையில் வைத்து அக்கா இதை என்னிடம் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னாள், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க.

"அவர்கிட்ட சொல்லிடாத."

"சொல்லாம எப்படிக்கா? அடுத்த தடவையும் கலந்துட்டா?"

"நீல டப்பாவை எடுத்து ஒளிச்சு வச்சுட்டேன். தான்தான் கெடுத்தோம்னு தெரிஞ்சா அவர் உடைஞ்சு போயிடுவார்டி. உனக்குத் தெரியாது."

"நான் இதைக் கதையா எழுதிட்டு இருக்கேனே."

"கட்டுரைன்னு சொன்னே?"

"நேத்து வரைக்கும் கட்டுரைதான்."

அக்கா குழாயை மூடினாள். "அப்போ வேற மாதிரி எழுது. மழை பெஞ்சுச்சுன்னு எழுது."

7

வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்.

முதலில் மாமாவை முன்கோபக்காரராக்கினேன். கோபக்காரர் தப்புச் செய்தால் வாசகருக்கு வசதி, வருத்தப்படவேண்டியதில்லை. மேஜையைத் தட்டி, "எனக்குத் தெரியாதா?" என்று ஒரு வசனம்கூட வைத்தேன். அக்கா படித்துவிட்டு, "யார் இந்த ஆளு? வீட்டுக்குள்ள விடாத" என்றாள். அடுத்து அவரைச் சாதுவாக்கினேன். அது அதைவிட மோசம். எல்லாப் பக்கத்திலும் புன்னகைத்துக்கொண்டே இருந்தார், கன்னத்தில் ஒன்று வைக்கலாம்போல இருந்தது.

பிறகு முடிவுகள்.

முதல் முடிவு: புதிய பாக்கெட் வாங்கி அக்கா ரகசியமாக அடிக்கிறாள். நோய் அடங்குகிறது. மகன் வந்து பார்த்துவிட்டு ஒரு கூடை குடைமிளகாயோடு திரும்பிப் போகிறான். ஆசிரியருக்கு இது ரொம்பப் பிடிக்கும், செய்முறையும் சேர்த்துவிடலாம்: கடும் மருந்தோடு கலக்காதீர்கள், வெயிலில் அடிக்காதீர்கள், நோய்ப்பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். ஆனால் இந்த முடிவில் மாமா ஒரு மூலையில் திரையைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். கதை முடிகிறவரை அவருக்கு வேறு வேலையே இல்லை.

இரண்டாம் முடிவு: ஒன்பதாவது மாடி. மாமா ஜன்னலோரத் தொட்டியில் ஒரே ஒரு குடைமிளகாய்ச் செடி வைத்து, அதன் இலையைத் திருப்பித் திருப்பிப்

[முடிக்கவில்லை. அக்கா தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அதன் பிறகு அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.]

மூன்றாம் முடிவு: யாரும் எதுவும் சொல்வதில்லை. வானிலை மாறுகிறது, நோய் தானாகவே குறைகிறது. இதில் ஒரே ஓர் ஓட்டை. நான் எழுதுவது எதுவாக இருந்தாலும் முதலில் படிப்பவர் மாமாதான். கல்யாண வாழ்த்தில்கூட எழுத்துப்பிழை பார்ப்பவர். பத்திரிகையில் வந்தால் என்னைவிட முன்னால் அவர் வாங்கிவிடுவார்.

8

என்னால் எந்த முடிவையும் எடுக்க முடியவில்லை. அந்தத் தலைவலியை மாமாவே தீர்த்துவைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் நான் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். "எழுத்தாளரம்மா, என்னைப் பத்தி எழுதறீங்களாமே. கொஞ்சம் படிங்க, கேப்போம்."

படித்தேன். பேய்க்கதைக்குச் சிரித்தார். "ஆவன"வுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். பள்ளிக்கூடப் பெயர் வந்தபோது கொஞ்சம் நெளிந்தார். ஐந்தாவது பகுதி முடிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"இவ்வளவுதான் மாமா. மிச்சம் இன்னும் எழுதலை."

"எழுதியிருக்கே. அடுத்த தாள்ல மை தெரியுது."

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் கண்ணைக் காட்டியது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. "நீ படி" என்றார் என்னிடம். நான் மென்று முழுங்கி ஆறாவது பகுதியைப் படித்தேன், அக்கா அடிக்கச் சொன்ன வரியையும் சேர்த்து.

மாமா மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்தப் பாக்கெட்ல இருந்தது... உயிரோட இருந்துச்சா?"

"ஆமா மாமா."

"உயிர்னும் போட்டிருந்துச்சு. கொல்லினும் போட்டிருந்துச்சு. நான் எதை எடுத்துக்கறது?"

அக்கா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள். "யார்ங்க உங்களை அடிக்கச் சொன்னது? டாக்டர் அவ்வளவு சொல்லியும்..."

"நீதான் சொன்னே."

"நானா?"

"இனிமே பூஞ்சைதான் நம்மளைக் காப்பாத்தணும்னு சொன்னியே. இவளும் இருந்தா."

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் கரண்டியை அப்படியே மேஜையில் வைத்தாள், விரிப்பெல்லாம் குழம்பு. "ஐயோ, நான் அந்தப் பூஞ்சையைச் சொன்னேங்க! பாக்கெட்டைச் சொன்னேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்ல பூஞ்சைன்னா நான்தானே."

முதலில் சிரித்தது நான்தான். மகா பாவி. ஆனால் அடக்க முடியவில்லை. அக்காவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். மாமா சிரிக்கவில்லை.

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?" என்று அவளைக் கேட்டார். "வருத்தப்படக்கூட இந்த உடம்பு தாங்காதுன்னு நினைச்சுட்டியா?"

அக்கா மழுப்பவில்லை. "ஆமா. அன்னைக்கு ஏணியில இருந்து பார்த்தேன், நீங்க கீழ கிடந்தீங்க. அப்ப இருந்தே எனக்குப் பயம்தான். எதைச் சொன்னாலும் மூச்சு நின்னுடுமோன்னு பயம்."

"நான் பண்ணின தப்புக்கு நான்தான் வருத்தப்படணும். அதையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு இந்த வீட்ல என்னதான் மிச்சம்?"

குழம்பு விரிப்பில் பரவிக்கொண்டே போனது. மாமா எழுந்து போய்த் துணி எடுத்து வந்து துடைத்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இதையும் எழுது" என்றார். "மழை பெஞ்சுச்சுன்னு எல்லாம் எழுதாத. அன்னைக்கு மழையே இல்ல."

9

இதற்கு மேல் நடந்தது என் கற்பனைக்கு எட்டாதது. அதனால் உள்ளபடியே சொல்கிறேன்.

மாமா தானே போய்ப் புதிய பாக்கெட் வாங்கிவந்தார். உடனே அடிக்கவில்லை. "முதல்ல அது உயிரோட இருக்கான்னு நான் பாக்கணும்" என்றார். இரண்டு கண்ணாடி ஜாடிகளை வெந்நீரில் கழுவி, இரண்டிலும் வேகவைத்த மக்காச்சோளத்தைப் போட்டு, இரண்டிலும் ஒரு சிட்டிகைப் பவுடரைத் தூவினார். ஒன்றில் மட்டும் நீல மருந்தைச் சேர்க்கவேண்டும் என்றார். அதற்காக அக்கா ஒளித்துவைத்த டப்பாவைக் கேட்டார், அவளும் எடுத்து வந்தாள், தானே அதைத் திறந்து தானே போட்டாள், அவரை மோந்து பார்க்க விடவில்லை. ஜாடிகளின் வாயைத் துணியால் கட்டி, குளிர்பெட்டியின் மேல் வைத்தார்கள்.

அடுத்த முறை நான் போனபோது செருப்பைக் கழற்றுவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "வா, வா, வந்து பாரு."

ஒரு ஜாடியில் சோளம் முழுக்க வெள்ளைப் பஞ்சு படர்ந்து, அதன் மேல் பச்சை பூத்திருந்தது. எவ்வளவு நல்ல பச்சை! பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தார். நூல் நூலாகக் கிளை விட்டு, நுனியில் பச்சை மணிகளோடு, ஒரு குட்டிக் காடு. இது கெட்ட பூஞ்சையை எப்படிக் கொல்கிறது என்று அந்தப் பவுடரைத் தயாரிக்கும் லேபில் கேட்டு வந்திருந்தார்: தேடிப் போய்ச் சுற்றி வளைத்துக் கட்டிப்பிடித்து, அப்படியே கரைத்துக் குடித்துவிடுமாம்.

"கட்டிப்பிடிச்சே காலி பண்ணுதுன்னா நிச்சயமா சொந்தக்காரங்களாத்தான் இருக்கும்" என்றார்.

மற்ற ஜாடியில் சோளம் போட்டபடியே கிடந்தது, நீலமாக. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது நான் பண்ணினது" என்றார். குரலில் அழுகை இல்லை. உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார், தன் தப்பைக் கண்ணால் பார்க்கக் கிடைத்தவர் மாதிரி. அக்கா அந்த ஜாடியைக் கொட்டப் போனபோது, "இருக்கட்டும்" என்று தடுத்துவிட்டார். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது, பச்சை ஜாடிக்குப் பக்கத்தில்.

புது டேங்க் வாங்கினார்கள். பழையதை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது என்றார் மாமா. புள்ளி விழுந்த இலைகளையெல்லாம் மூன்று பேருமாகக் கிள்ளிச் சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோனோம். செடிகள் முக்கால் மொட்டையாக நின்றன. வெயில் தாழ்ந்ததும் மாமா முகமூடி போட்டுக்கொண்டு அடித்தார், நான் வடிகட்டினேன். இந்த முறை திரையைப் பிடித்தது அக்கா.

"இதுக்குப் பழைய புள்ளியை அழிக்கத் தெரியாது" என்று அவர் என்னிடம் சொன்னார், தெளித்துக்கொண்டே. "புது இலைக்குக் காவல் நிக்கும், அவ்வளவுதான். இனிமே வர்ற இலை சுத்தமா வந்தா பொழைச்சோம்."

10

ஆசிரியர் இன்று காலை மறுபடி போன் செய்தார். "கட்டுரை என்ன ஆச்சு?"

"கதையாயிடுச்சு சார்."

"சொன்னேனே!" என்று தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. "சரி, என்ன ஆகுது கடைசியில? பூஞ்சை வேலை செய்யுதா இல்லையா? அதையாவது தெளிவா எழுதுங்க. மருந்துன்னு எழுதாதீங்க, உயிரியல் கட்டுப்பாட்டுக் காரணின்னு எழுதுங்க. சாயங்காலத்துக்குள்ள வேணும்."

கொல்வதையும் மருந்து என்கிறோம், காப்பதையும் மருந்து என்கிறோம், இதை ஒரு காரணியால் எப்படிச் சமாளிப்பது என்று கேட்கலாம் என்றிருந்தேன். அவர் வைத்துவிட்டார்.

நான் கூடாரத்துக்குப் போனேன். நாளைக்கு மகன் வருகிறான். ஒன்பதாவது மாடி அறைக்கு வெள்ளையடித்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு திரைகளையும் ஒழுங்காக மூடிவிட்டு உள்ளே போனால், நடு வரிசையில் இரண்டு பேரும் ஒரு செடியின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். மொட்டையாக நின்ற செடிகளில் எல்லாம் தளிர் விட்டிருந்தது. நாங்கள் அடித்த பிறகு பிறந்த இலைகள். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஒன்றிலும் புள்ளி இல்லை. இந்தச் செடிக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள்.

உச்சி இலையில், நரம்புக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவுக்கு ஏதோ ஒன்று.

"தூசியா இருக்கும்" என்றாள் அக்கா.

"இருக்கும்" என்றார் மாமா.

இருவரும் தொடவில்லை. பூதக்கண்ணாடி மாமாவின் சட்டைப் பையில்தான் இருந்தது, அதையும் எடுக்கவில்லை. அக்கா தன் கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், நாக்குக்குக் கொண்டுபோனாள், பாதியில் இறக்கிவிட்டாள்.

"என்னால முடியாதுங்க. நீங்க பாருங்க."

"நான் ஒரு தடவை கை வச்சது போதும்" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கூடாரத்துக்குள் அவர்கள் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை, சண்டைதான் பார்த்திருக்கிறேன். "எழுத்தாளரம்மா, நீ துடை."

ஆசிரியருக்குச் சாயங்காலத்துக்குள் முடிவு வேண்டும். அந்தப் புள்ளி போனால் முதல் முடிவு, போகாவிட்டால் இரண்டாவது. ஒன்றை முழுதாகவும் மற்றதைப் பாதியாகவும் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றை எடுத்து ஒட்டினால் போதும். நான் குனிந்தேன். என் விரலெல்லாம் பேனா மை. புது இலையில் மை பட்டால் அதையும் புள்ளி என்பார்கள்.

நீங்கள்தான் இவ்வளவு தூரம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்திருக்கிறீர்கள். உங்கள் கை சுத்தமாகத்தான் இருக்கிறது. அவர்கள் இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள்.

கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்ளுங்கள். மெதுவாக, தளிர் அது.